விட்ட குறை தொட்ட குறை: பாதியில் நின்ற தொடர்கள் சினிமாவாகும்போது

என் அக்கா மகன் போன வாரம் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து கேட்டான்: "மாமா, ஃபயர்ஃப்ளை 14 எபிசோடையும் ரெண்டே நாள்ல பார்த்து முடிச்சுட்டேன். அதே கதையைத் தொடர்ந்து செரினிட்டின்னு ஒரு படம் இருக்காமே, பார்க்கலாமா? தொடரே பார்க்காத என் ரூம்மேட்டும் கூட உட்கார்றேங்கிறான், அவனுக்குப் புரியுமா? பொதுவாவே இப்படி டிவி சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரைப் படமா எடுத்து எதுவாவது உருப்பட்டிருக்கா?" நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு 1966-ல் ஆரம்பித்தேன். 1979-க்கு வருவதற்குள் அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் நேரடிப் பதில். படத்தைக் கட்டாயம் பார். ரூம்மேட்டையும் கூப்பிட்டுக்கொள். அவனுக்குக் கதை நன்றாகவே புரியும், ஆனால் வலிக்காது. உருப்பட்டவையும் இருக்கின்றன, ஊற்றிக்கொண்டவையும் இருக்கின்றன. எது ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

2022-ல் பொன்னியின் செல்வன் முதல் பாகத்துக்கு நாம் எல்லோரும் போனது நினைவிருக்கிறதா? பாட்டி இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், நடுவில் நான். பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு பண்ணிய தொடர்கதையை நாலு தடவை படித்தவள் பாட்டி. அவளுக்கு ஒவ்வொரு காட்சியிலும் ஏதோ ஒன்று விட்டுப்போயிருந்தது. உனக்கோ யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்குப் பகை என்பதே இடைவேளை வரைக்கும் பிடிபடவில்லை. "அது யாரு?" என்று நீயும், "அந்த இடத்தை ஏன் எடுக்கல?" என்று பாட்டியும் இரண்டு காதிலும் ஓதிக்கொண்டிருந்தீர்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்று இரண்டு கூட்டத்தையும் ஒரே இருட்டறையில் உட்காரவைத்து ஒரே கதையைச் சொல்வதுதான் இந்த வகைப் படங்களின் தலைவலி. (செரினிட்டி 2005 செப்டம்பர் 30-ல் வெளியானது. பொன்னியின் செல்வன் 2022 செப்டம்பர் 30. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அந்தத் தேதி பிடித்துவிட்டது.)

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. கல்கி கதையை முடித்துவிட்டுத்தான் பேனாவை வைத்தார். நாம் பேசும் தொடர்களோ பாதியில் நிறுத்தப்பட்டவை. ஆகவே படம் எடுக்க வருபவர் தழுவி எடுத்தால் மட்டும் போதாது, பழைய பாக்கியையும் தீர்க்க வேண்டும். விட்ட குறை தொட்ட குறை என்போமே, அதேதான். என் கணக்கில், எந்தப் பாக்கியைத் தீர்க்கப்போகிறோம் என்று ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்த படங்கள் பிழைத்தன. தொடரின் உலகம் மொத்தத்தையும் பெரிய திரையில் திரும்பக் காட்டிவிடலாம் என்று கிளம்பியவை திணறின. இதற்கு ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

எண்பதுகளில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில்தான் டிவி. அதில் ஒன்று கதவு வைத்த சாலிடேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் வரும். இங்கிலீஷ் பாதிகூடப் புரியாது. கூர்காதுக்காரர் ஸ்பாக் உணர்ச்சியே காட்ட மாட்டார், கேப்டன் கிர்க் அளவுக்கு மீறிக் காட்டுவார் என்ற அளவுக்குப் புரிந்தது, அதுவே போதுமாக இருந்தது. அந்தத் தொடர் அமெரிக்காவில் எப்போதோ செத்துப்போன தொடர் என்பது எங்களுக்குத் தெரியாது. 1966-லிருந்து 1969 வரை மூன்று சீசன், 79 எபிசோடு. இரண்டாவது சீசனோடு நிறுத்தப் பார்த்தார்கள். ரசிகர்கள் கடிதமாக எழுதிக் குவித்து மூன்றாவது சீசனை வாங்கினார்கள். சேனல்காரர்கள் அதை வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளினார்கள். வெள்ளி ராத்திரி வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும் வயதிலா அதன் ரசிகர்கள் இருந்தார்கள்? கதை முடிந்தது.

முடிந்த பிறகுதான் ஆரம்பித்தது. எழுபதுகளில் உள்ளூர் நிலையங்கள் அந்த எபிசோடுகளைத் தினமும் மறு ஒளிபரப்புச் செய்ய, முதலில் பார்க்காத தலைமுறை பைத்தியமாகிவிட்டது. நாசாவின் முதல் ஷட்டிலுக்குத் தொடரில் வரும் கப்பலின் பெயரான எண்டர்பிரைஸ் என்று பெயர் வைக்கச் சொல்லி 1976-ல் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்கள் போயின, பெயரும் வைத்தார்கள். பாரமவுண்ட் புதிய டிவி தொடராக அதைத் தொடரத் திட்டம் போட்டது. நடுவில் 1977-ல் ஸ்டார் வார்ஸ் வந்து வசூலை அள்ள, டிவித் தொடரின் முதல் கதையையே இழுத்து சினிமாவாக்கினார்கள். அந்த டிவி திட்டத்துக்கே நடிக்கத் தேர்வான நம் ஊர் பெண் ஒருவரும் படத்துக்குள் வந்தார். 1965-ல் மிஸ் இந்தியாவான பம்பாய்க்காரர், பெர்சிஸ் கம்பாட்டா. அந்தப் பாத்திரத்துக்காகத் தலையை மொட்டை அடித்துக்கொண்டவர். திருப்பதிக்குப் போய் வந்தாற்போல் இருக்கிறாளே என்று எங்கள் வீட்டில் வீடியோ கேசட் போட்ட அன்று அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த 1979 படத்தில் ஒரு காட்சியை மட்டும் பார். கேப்டன் கிர்க் இரண்டரை வருடம் கழித்துத் தன் கப்பலைப் பார்க்கப் போகிறார். சின்ன ஓடம் ஒன்றில் அவரும் தலைமை இன்ஜினீயரும். பழுதுபார்க்கும் துறையில் எண்டர்பிரைஸ் நிற்கிறது. ஓடம் அதைச் சுற்றி வருகிறது. முன்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம், மறுபடி முன்பக்கம். ஏறக்குறைய ஐந்து நிமிடம். வசனம் அநேகமாக இல்லை, ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசை மட்டும். நடுநடுவே கிர்க்கின் முகம். கோயில் திருவிழாவில் தேர் நிலையிலிருந்து கிளம்புவதைப் பார்க்கும் முகம் அது. பத்து வருடம் காத்திருந்தவனுக்கு அந்த ஐந்து நிமிடம் தரிசனம். மற்றவனுக்கு, ஒரு கப்பலைச் சுற்றி ஒரு ஓடம். ராபர்ட் வைஸ் சின்ன இயக்குநர் இல்லை. சவுண்ட் ஆஃப் மியூசிக் எடுத்தவர். ஆனால் வெளியீட்டுத் தேதி முதலிலேயே நிச்சயமாகிவிட்டது, கிராஃபிக்ஸ் வேலையைப் பாதியில் வேறு ஆட்களிடம் கொடுக்க வேண்டியதாயிற்று, எடிட்டிங்கை உட்கார்ந்து செதுக்க நேரமில்லை. படம் 4 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. உலகம் முழுவதும் சுமார் 14 கோடி வசூல் செய்தது என்பதால் தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தவர்கள் ஒரு மாதிரியான முகத்தோடுதான் வெளியே வந்தார்கள். கப்பல் வந்தது, ஆட்கள் வந்தார்கள், சீருடைகூடப் புதிது. பாக்கி எதுவும் தீரவில்லை.

அடுத்த படத்துக்கு ஸ்டுடியோ கையைச் சுருட்டிக்கொண்டது. சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர்தான், முன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பொறுப்பும் கம்பெனியின் டிவி பிரிவுக்குப் போனது. ஹார்வ் பென்னட் என்ற டிவி தயாரிப்பாளர் வந்தார். அவருக்கு ஸ்டார் ட்ரெக் தெரியாது. ஒழுங்கான மாணவன் மாதிரி 79 எபிசோடையும் உட்கார்ந்து பார்த்தார். பார்த்து, 1967-ல் வந்த ஒரு எபிசோடைப் பிடித்துக்கொண்டார். மரபணு மாற்றிப் பிறந்த கான் என்ற சர்வாதிகாரியை அதில் கிர்க் தோற்கடித்து, அவன் ஆட்களோடு ஒரு காட்டுக் கிரகத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அதற்கப்புறம் அவன் கதி என்ன என்று எந்த எபிசோடும் கேட்கவில்லை. கிர்க்கும் கேட்கவில்லை. 1982-ல் வந்த கானின் சீற்றம் அந்த ஒரு கேள்வியிலிருந்து எழுந்த படம். கிரகம் பாலைவனமாகிவிட்டது, மனைவி செத்துவிட்டாள், பதினைந்து வருடக் கோபம் ஒன்றாகத் திரண்டிருக்கிறது. பழைய எபிசோடில் நடித்த ரிக்கார்டோ மொண்டல்பானே திரும்பி வந்தார். தொடரைப் பார்க்காதவனுக்கும் இரண்டு நிமிடத்தில் விஷயம் புரியும்: இவனை அவன் கைவிட்டான், இவன் பழிவாங்க வந்திருக்கிறான். பார்த்தவனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு குற்ற உணர்ச்சி. நாமும்தானே அந்த எபிசோடு முடிந்ததும் அவனை மறந்துவிட்டுச் சாப்பிடப் போனோம்?

இயக்குநர் நிக்கலஸ் மேயர் இன்னொரு காரியம் செய்தார். நடிகர்களுக்கு வயதாகிவிட்டதை மறைக்கவில்லை. முதல் படம் மறைக்கப் பார்த்தது. இதில் கிர்க்குக்குப் பிறந்தநாள், டாக்டர் நண்பர் கொடுக்கும் பரிசு ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி. படத்தின் நடுவில் கான் கப்பலின் திரையில் தோன்றிக் கெடு வைக்கிறான். கப்பல் அடிவாங்கிக் கிடக்கிறது. தப்பிக்க ஒரே வழி, பலகையில் ஒரு எண்ணைப் பார்த்து அனுப்ப வேண்டும். நம் கேப்டன் சட்டையில் கண்ணாடியைத் தேடுகிறார். ஒளிவீசும் ஆயுதங்கள் எல்லாம் இருக்கிற உலகத்தில், ஒரு கதாநாயகன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொத்தானைத் தேடும் அந்தச் சில விநாடிகளுக்கு ஈடான பரபரப்பு எனக்கு வேறெந்த விண்வெளிச் சண்டையிலும் கிடைத்ததில்லை. இன்னொன்று, கிர்க்கும் கானும் படம் முழுக்க நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. எல்லாம் திரை வழியாகத்தான். பணமில்லாததால் நேர்ந்த சிக்கனமா, கலையா என்று கேட்காதே. இந்த மாதிரிப் படங்களில் இரண்டும் ஒன்றாகவே வரும்.

ரசிகர்கள் நாற்பது வருடமாகச் சிரிக்கும் ஒரு பிழையும் அதில் உண்டு. கான், செக்கோவ் என்ற அதிகாரியைப் பார்த்து உன் முகத்தை நான் மறக்கவில்லை என்கிறான். செக்கோவாக நடித்தவர் தொடருக்கு வந்ததே இரண்டாவது சீசனில். கான் வந்தது முதல் சீசனில். ரசிகர்களே உட்கார்ந்து யோசித்து அதற்கு ஆயிரம் சமாதானம் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல படம் என்றால் பிழைக்கும் நாமே வக்காலத்து வாங்குவோம். மோசமான படம் என்றால் சரியாக இருப்பதில்கூடக் குறை சொல்வோம். இன்னொரு சுவாரசியம், பழைய எபிசோடின்படி கான் வட இந்தியாவைச் சேர்ந்தவன், அநேகமாகச் சீக்கியன். முழுப்பெயர் கான் நூனியன் சிங். நடித்தவர் மெக்ஸிகோக்காரர். 2013-ல் அதே வேடத்தில் வந்தவர் பெனடிக்ட் கம்பர்பேட்ச், சுத்த இங்கிலீஷ்காரர். பஞ்சாபில் ஒருவரும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

சரி, ஃபயர்ஃப்ளைக்கு வருகிறேன். நீ வரிசையாகப் பார்த்திருக்கிறாய், கொடுத்துவைத்தவன். நான் பார்த்த கதை வேறு. பர்மா பஜாரில் ஒரு கடையில் இரண்டு டிஸ்க் வாங்கினேன், யாரோ டிவியிலிருந்து பதிவு செய்தது. முதல் எபிசோடிலேயே ஒரு ரயில் கொள்ளை. விண்கப்பலில் இருக்கும் ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்களாகப் பேசிக்கொள்கிறார்கள். யார் டாக்டர், அந்தப் பெண் ஏன் பயப்படுகிறாள், பாதிரியார் எதற்குக் கூட வருகிறார், ஒன்றும் விளங்கவில்லை. கடைசி எபிசோடைப் போட்டால் அந்த டாக்டரும் அவன் தங்கையும் பாதிரியாரும் அப்போதுதான் முதல்முறையாகக் கப்பலில் ஏறுகிறார்கள்! திருப்பி எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். "படம் ஓடுதுல்ல சார்? அப்புறம் என்ன?" என்றார். அவர்மேல் தப்பே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஃபாக்ஸ் சேனலே 2002-ல் அப்படித்தான் ஒளிபரப்பியது. அறிமுகத்துக்காக எடுத்த இரண்டு மணிநேர முதல் கதையைத் தூக்கிக் கடைசியில், டிசம்பர் 20-ல் போட்டார்கள். எடுத்தது 14, காட்டியது 11. இதுவும் வெள்ளிக்கிழமை ராத்திரிதான், கவனித்தாயா?

ஒரு வருடம் கழித்து, 2003 டிசம்பரில், ஒழுங்கான வரிசையில் டிவிடி வந்தது. அது விற்ற வேகத்தைப் பார்த்து தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் யுனிவர்சல் ஸ்டுடியோவிடம் போனார். படத்துக்குத் தொடரின் பெயரை வைக்காமல் கப்பலின் பெயரை வைத்தார்கள். சுமார் 3.9 கோடி டாலர் செலவு. ஸ்டார் நடிகர் ஒருவரும் இல்லை. தங்களைப் பழுப்புக்கோட்டுக்காரர்கள் என்று அழைத்துக்கொண்ட ரசிகர்களுக்கு வெளியீட்டுக்கு மாதக்கணக்கில் முன்பே தனிக் காட்சிகள் போட்டார்கள். டிக்கெட் பறந்தது. நம் ஊர் அதிகாலைக் காட்சி மாதிரி சத்தம். வெளியானதும் உலகம் முழுவதும் சேர்த்துச் சுமார் 4 கோடி டாலர். செலவும் வரவும் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதே. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. ரசிகர்கள் ஒவ்வொருவரும் நான்கு தடவை பார்த்தார்கள், ரசிகரல்லாதவர்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டில் மொத்தச் சத்தமும் ஒரே மேசையிலிருந்து வந்தால் மண்டபம் நிறைந்துவிட்டது என்று சமையல்காரர் ஏமாறக்கூடாது.

ஆனால் படமாக அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பார், குறிப்பாக முதல் பத்து நிமிடம். ஒரு வகுப்பறையில் டீச்சர் உலக வரலாறு சொல்கிறாள், அதாவது தெரியாதவனுக்கு முன்கதை. திடீரென்று அது ஒரு சிறுமியின் நினைவு என்று தெரிகிறது. அவள் இருப்பது சோதனைக்கூடம். அண்ணன் வந்து காப்பாற்றுகிறான். பிறகு அந்தக் காட்சியே உறைந்து நிற்கிறது. அது ஒரு பதிவு, அதை இன்னொருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் வில்லன். வெங்காயம் உரிப்பது மாதிரி மூன்று தோல். அடுத்து கப்பலுக்குள் நுழைகிறோம். கப்பலிலிருந்து ஒரு தகடு பிய்த்துக்கொண்டு பறக்கிறது. கேப்டன் மால் ஒலிபெருக்கியில் சின்னக் குலுக்கல் இருக்கும், அப்புறம் வெடித்துவிடுவோம் என்கிற ரீதியில் அறிவிக்கிறார். பிறகு கேமரா அவர் பின்னாலேயே நடக்கிறது. துப்பாக்கி அடுக்கும் ஜேனோடு சண்டை, இன்ஜின் அறையில் கெய்லியோடு சண்டை, படியிறங்கிக்கொண்டே டாக்டரோடு சண்டை, கடைசியில் தரையில் படுத்திருக்கும் அவன் தங்கை ரிவர், அந்தச் சோதனைக்கூடத்துச் சிறுமி. வெட்டே தெரியாமல் ஓடும் நீளமான ஷாட். ரூம்மேட்டுக்கு யார் யார் என்று தெரிந்துவிடும். உனக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து அறை அறையாக எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். ஸ்டார் ட்ரெக்கில் கப்பலைச் சுற்றிய அந்த ஐந்து நிமிடத்தை இதோடு ஒப்பிட்டுப் பார். அங்கே வெளியே சுற்றினார்கள், இங்கே உள்ளே நடக்கிறார்கள்.

வீடன் எடுத்துக்கொண்ட பாக்கியும் ஒன்றே ஒன்று: ரிவருக்கு என்ன தெரியும், அதற்கும் ரீவர்ஸ் என்ற அந்த நரமாமிசக் கூட்டத்துக்கும் என்ன சம்பந்தம். மற்றதை விட்டுவிட்டார். பாதிரியாரின் கடந்தகாலம் தெரியவேண்டும் என்று நீ காத்திருந்தால் ஏமாறுவாய். சிலவற்றை மாற்றவும் செய்தார். தங்கையை மீட்க யாருக்கோ பணம் கொடுத்தேன் என்று தொடரில் சொன்ன டாக்டர் சைமன், படத்தில் தானே வேஷம் போட்டு உள்ளே போகிறான். நீ கண்டுபிடித்துக் கத்துவாய், தெரியும். படத்துக்கு அது தேவைப்பட்டது, விட்டுவிடு.

எக்ஸ் ஃபைல்ஸ் விஷயம் தலைகீழ். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு படம். 1997 கோடையில், நான்காவது சீசனுக்கும் ஐந்தாவது சீசனுக்கும் இடையில் எடுத்துவைத்து, ஐந்தாவது முடிந்தபின் 1998 ஜூனில் வெளியிட்டார்கள். அதாவது ஒரு முழு சீசனையும், கடைசியில் எந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டே எடுத்தார்கள். 18.9 கோடி டாலர் வசூல். இங்கே கேபிள் வந்த புதிதில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு காட்சிதான் நினைவில் இருக்கும். ஐந்து வருடம் காத்திருந்தபின் துப்பறியும் ஜோடியான மல்டரும் ஸ்கல்லியும் வராந்தாவில் முத்தமிடப் போகிறார்கள். உதட்டுக்கும் உதட்டுக்கும் ஒரு விரற்கடை. ஒரு தேனீ கொட்டிவிடுகிறது. நம் பழைய படங்களில் முத்தம் என்றால் பூவும் வண்டும் காட்டுவார்கள். ஹாலிவுட்காரன் வண்டை மட்டும் எடுத்துக்கொண்டான். பத்து வருடம் கழித்து 2008-ல் வந்த இரண்டாவது படம் பழைய மர்மங்கள் எதையும் தொடாமல் தனிக்கதையாகப் போனது. டார்க் நைட் வெளியான அடுத்த வாரம் வேறு போய் மாட்டியது. 6.8 கோடிதான். பாக்கியே இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவரை யார் வாசலில் நின்று வரவேற்பார்கள்?

பிரிட்டிஷ்காரர்கள் இதை முன்பே செய்தவர்கள். பிபிசி 1953-ல் நேரலையாக நடித்துக்காட்டிய க்வாட்டர்மாஸ் தொடரில் ஆறு பகுதிகளில் இரண்டுதான் இன்று மிஞ்சியிருக்கிறது. 1955-ல் அதைத் தழுவி எடுத்த படம் முழுதாக இருக்கிறது. அசல் போய் நகல் நின்றுவிட்டது. டாக்டர் ஹூ கறுப்பு வெள்ளையில் ஓடிய காலத்தில், 1965-லும் 1966-லும் இரண்டு படங்கள் கலரில் வந்தன. டாலெக் இயந்திரங்களைச் சிவப்பிலும் நீலத்திலும் பார்ப்பதற்கென்றே குழந்தைகள் போனார்கள். தொடரில் வேற்றுக்கிரகவாசியான டாக்டர், இந்தப் படங்களில் சாதாரண மனிதத் தாத்தா. இன்றுவரை ரசிகர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஃபார்ஸ்கேப் பற்றி ஒரு வரி. 2003-ல் கதாநாயகனும் நாயகியும் துண்டு துண்டாக உடைந்து சிதறும் இடத்தில் நின்றுபோன தொடர். ரசிகர்கள் போட்ட கூச்சலில் 2004-ல் மூன்று மணிநேர டிவி படம் வந்தது. முதல் வேலையே, கடலடியிலிருந்து அவர்களைப் பொறுக்கி ஒட்டவைப்பது. உருவகம் எல்லாம் இல்லை, நிஜமாகவே பொறுக்குவார்கள்.

ஜப்பான்காரர்கள் வழி தனி. 1979-ல் ஆரம்பித்த மொபைல் சூட் கண்டம் என்ற ரோபோ அனிமேஷனுக்குப் பெயருக்கேற்றபடி பாதியில் ஒரு கண்டம் வந்தது. பொம்மை சரியாக விற்கவில்லை என்று 52 வாரத்துக்குத் திட்டமிட்டதை 43-ல் முடிக்கச் சொன்னார்கள். மறு ஒளிபரப்பிலும், பிறகு வந்த ஒட்டுமாடல் பெட்டிகளிலும் அது பற்றிக்கொண்டது. புதிதாகக் கதை பண்ணாமல் பழைய எபிசோடுகளையே வெட்டி, சேர்த்து, சில பகுதிகளைப் புதிதாக வரைந்து 1981-லும் 82-லும் மூன்று படங்களாக விட்டார்கள். இவான்கெலியன் இன்னும் விசேஷம். 1996-ல் தொடரின் கடைசி இரண்டு எபிசோடும் கதாபாத்திரங்களின் மனத்துக்குள்ளேயே நடந்து முடிந்தன. ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே இயக்குநர் ஹிடேக்கி அன்னோ இன்னொரு முடிவைப் படமாகக் கொடுத்தார். கேட்டதைக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. கேட்டவர்களுக்கே கொடுத்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். படத்தின் நடுவில் நிஜமான தியேட்டரில் நிஜமான பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்று வரும். உங்களைத்தான்டா பார்க்கிறேன் என்பது போல. அதை இப்போது பார்க்காதே, செமஸ்டர் முடியட்டும்.

2009-ல் ஸ்டார் ட்ரெக்கைப் புது நடிகர்களோடு ஜே.ஜே. ஏப்ரம்ஸ் எடுத்தபோது ராயப்பேட்டையில் ஒரு தியேட்டருக்கு உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு விண்வெளி என்றால் ஏசி. நன்றாக இருக்கிறது என்று பாப்கார்னைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். இளம் கிர்க் ஒரு பனிக்குகைக்குள் ஓடுகிறான். தீப்பந்தம் பிடித்த ஒரு கிழவர் மிருகத்தை விரட்டிவிட்டுத் திரும்புகிறார். பழைய தொடரில் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய். கதையில் காலத்தைத் தாண்டி வந்த பழைய ஸ்பாக். சாலிடேர் டிவியின் கதவு திறந்த மாதிரி இருந்தது எனக்கு. உன் அப்பா என் பக்கம் திரும்பி, "யாருப்பா இந்தத் தாத்தா?" என்றார். பதில் சொல்லத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. "நல்லவர்" என்றேன். "சரி" என்று திரும்பிக்கொண்டார். அந்த ஒரு சொல்லோடு அவருக்குப் படம் தடையில்லாமல் ஓடியது. ஆரம்பத்திலிருந்து கதை தொடங்குகிறது என்பதால் புதியவர்களும் வந்தார்கள். பழைய ஸ்பாக்கே வந்து இது வேறு காலக்கோடு என்று ஆசி கொடுத்துவிட்டதால் பழையவர்களும் கோபிக்கவில்லை. சாமர்த்தியம்தான். ஆனால் கானின் சீற்றம் மாதிரி ஒரு பழைய காயத்திலிருந்து பிறந்த படம் இல்லை, அதனால் என் பட்டியலில் ஒரு படி கீழே.

தமிழில் இதெல்லாம் ஏன் இல்லை என்று நீ அடுத்துக் கேட்பாய். ஆரம்பம் என்னவோ இருந்தது. சுஜாதாவின் என் இனிய இயந்திரா விகடனில் தொடர்கதையாக வந்து, தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே நாங்கள் உட்கார்ந்தோம். அந்தக் காலத்து செட்டைப் பற்றிப் பேசவேண்டாம், ஆனால் ஜீனோவை நம்பினோம். மீண்டும் ஜீனோ என்று அடுத்த நாவலும் அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒரு படத்துக்கு வேண்டிய பாக்கி அங்கே அப்படியே கிடக்கிறது. நம்மிடம் டிவிக்காரர்களும் சினிமாக்காரர்களும் ஒரே வடபழனியில் டீ குடித்தாலும், டிவியில் பார்த்ததைக் காசு கொடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை சினிமாக்காரர்களுக்கு ஆழமாக உண்டு. சபா நாடகங்களை வரிசையாகப் படமாக்கிய ஊர் இது. மேடைக்கு இருந்த மரியாதை சின்னத்திரைக்குக் கிடைக்கவில்லை.

இனி உன் வேலை. இந்த சனிக்கிழமை செரினிட்டியைப் போடு. ரூம்மேட்டுக்கு முன்கதை எதுவும் சொல்லாதே, படம் அதைப் பார்த்துக்கொள்ளும். தொடரில் ஒரே ஒரு எபிசோடு காட்ட வேண்டுமென்றால், ரயில் கொள்ளையைக் காட்டாதே, அந்த இரண்டு மணிநேர முதல் கதையைக் காட்டு. முடித்ததும் அடுத்த வாரம் 1967 கான் எபிசோடும் 1982 படமும், ஒரே ராத்திரியில், அந்த வரிசையில். 1979 படத்தை லீவில் பார்த்துக்கொள்ளலாம், முடிந்தால் 2001-ல் வைஸ் திருத்திக்கொடுத்த வடிவத்தை.

ஒரு எச்சரிக்கை. செரினிட்டியில் கடைசி அரைமணி நேரத்துக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிடு. ஓர் இடம் வரும், என்ன என்று சொல்ல மாட்டேன். அப்போது நீ அசையாமல் உட்கார்ந்திருப்பாய், ரூம்மேட் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே "என்னடா ஆச்சு?" என்பான். அவனைத் திட்டாதே. எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி. இந்தத் தடவை சார்ஜ் போட்டுவிட்டுப் பண்ணு.